பனிக்கால டயர்: இரண்டு போதுமா?

செவ்வாய்க்கிழமை மாலையில் கொச்சிக்கடைப் பக்கம் வந்து பழகியவர்களுக்கு அந்தத் தெருவின் கோலத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தோனியார் ஆலயத்து மெழுகுவர்த்தி வாசனை துறைமுகத்துக் காற்றோடு கலந்து வீதியெங்கும் பரவி நிற்கும். பூச்சரம் விற்பவர், மெழுகுதிரி விற்பவர், பிள்ளையைத் தோளிற் சுமந்த தாய், மதபேதமின்றி நேர்த்திக்கடன் செலுத்த வந்த கூட்டம். சென்ற நவம்பர் மாதத்து அத்தகைய மாலையொன்றில், எங்கள் அயல்வீட்டு அம்மையார் ஆலயத்திலிருந்து நேரே என் வாசலுக்கு வந்தார். விரல் நுனியில் மெழுகு இன்னும் உலரவில்லை.

"அண்ணா, கார் டயர் வாங்குவதென்றால் இரண்டு வாங்குவதா, நான்கு வாங்குவதா?" என்றார்.

எனக்குத் திகைப்பாயிற்று. முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுக்க மனமின்றி ஜம்பட்டா வீதி முழுவதும் நடந்தே செல்பவர் அவர். "டயர் மாற்றுமளவுக்கு நீ எப்போது தங்கச்சி கார் வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"எனக்கில்லை அண்ணா, கனடாவிலே மகனுக்கு. 'மாமாவிடம் கேளுங்கள் அம்மா, அவர் அந்தக் காலத்திலே கார் ஓட்டியவர்' என்று சொன்னான்" என்றார்.

விடயம் இதுதான். படிக்கச் சென்ற பிள்ளை படிப்பை முடித்து, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில், நம்மவர் ஆயிரமாயிரமாய்க் குடியேறியிருக்கும் இடத்தில், அறையொன்றில் வாழ்கிறான். இரவு வேலை, பண்டகசாலையில். வேலை முடியும் நேரத்தில் பஸ் வண்டிகள் குறைவு. ஆகவே பழைய காரொன்றை வாங்கிவிட்டான். பின்சில்லுகளால் உந்தப்படும் வண்டியாதலால், பனிக்காலம் பிறக்குமுன் கைகழுவி விட வேண்டுமென்று யாரோ அதை மலிவாகக் கொடுத்திருக்கிறார். பனிக்கால டயர் மாட்ட வேண்டுமென்பது அவனுக்குத் தெரியும். ஆனால் கூட வேலை செய்யும் நண்பன், "தள்ளுவது பின்சில்லுதானே, பின்னுக்கு மட்டும் இரண்டு போடு, பாதிச் செலவு" என்று யோசனை கூறியிருக்கிறான். யோசனை இனிப்பாகத்தான் இருந்தது. காரணம், மாதம் பிறந்ததும் அவன் கொச்சிக்கடைக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கையின் படிப்புச் செலவு அதில் அடக்கம். இந்தக் கடைசிச் செய்தியை அம்மையார் அன்று என்னிடம் கூறவில்லை. பின்னரே தெரிய வந்தது.

நானோ பனி பெய்யக் கண்டவனல்லன். நுவரெலியாவில் ஒரு சனவரி மாத அதிகாலையில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கக் கண்டு, குழந்தைபோல் அதைக் கையால் தொட்டுப் பார்த்ததோடு சரி. ஆயினும் இக்கேள்விக்குப் பதில் கூற எனக்கு ஒருவகைத் தகுதி உண்டு. அத்தகுதியை எனக்கு ஈட்டித் தந்தது ஒரு மொறிஸ் மைனர் வண்டி. அதுவும் மானங்கெட்ட முறையில் ஈட்டித் தந்தது.

முதலில், மாணவ நேயர்களுக்காகச் சில சொற்கள். 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரை நம் நாட்டில் அறியாத குடும்பமில்லை. இன்றும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் எஞ்சின் முன்னே இருக்கும். நீண்ட தண்டொன்று வண்டியின் அடிவயிற்றின் கீழாகச் சென்று பின்சில்லுகளைச் சுழற்றும். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959 இல் மினி என்னும் சின்னஞ்சிறு காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளையே சுழலச் செய்தார். இன்று நாம் தெருவிற் காணும் சிறிய கார்களிற் பெரும்பாலானவை இந்த மினியின் வழி வந்தவை. பின்சில்லு உந்தும் காரில் உள்ள குறை யாதெனில், கனமான எஞ்சின் முன்னே இருக்க, வேலை செய்யும் சில்லுகள் பின்னே பாரமின்றி இருக்கின்றன. பாரம் குறைந்தாற் பிடிமானமும் குறையும். வழுக்கும் வீதியில் மிதியை அழுத்தினால் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். வளைவில் அழுத்தினாலோ பின்புறம் பக்கவாட்டில் விலகி ஓடும். நம் முச்சக்கர வண்டியும் பின்சில்லால் உந்தப்படுவதுதான். ஆனால் அதன் எஞ்சினும் பின்னாலேயே அமர்ந்து அச்சில்லுகளை அழுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே நண்பனின் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து.

இனி என் கதை. 1981 ஆம் ஆண்டு மே மாதம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வேளை. என் மைனரின் நான்கு டயர்களும் மொட்டையாகிவிட்டன. கையில் இரண்டு வாங்கவே காசிருந்தது. "பின்சில்லுதானே தள்ளுகிறது" என்று, அந்தக் கனடா நண்பன் சொன்ன அதே சொற்களை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதியவை இரண்டையும் பின்னே மாட்டினேன். மூன்று நாட்கள் வண்டி அற்புதமாக ஓடிற்று. ஏற்றத்தில் வழுக்கவில்லை, சேற்றில் சுழலவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் ஆமர் வீதிச் சந்தியருகே மழை பிடித்துக்கொண்டது. நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும் என்பதை வண்டி ஓட்டுவோர் அறிவர். எதிரே நாட்டாமை ஒருவர் வெங்காய மூட்டைகள் ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்தார். பிரேக்கை மிதித்தேன். முன்சில்லுகள் சுழல்வதை நிறுத்தின, வண்டி நிற்கவில்லை. திருப்புவளையத்தை இடப்பக்கம் முழுவதும் திருப்பினேன். சில்லு திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேரே, மிக நிதானமாக, மரியாதையுடன் செல்வதுபோற் சென்று கைவண்டியின் சில்லில் மோதிற்று. மூட்டைகள் பிரிந்து வெங்காயம் வீதியெங்கும் உருண்டது. அந்த மனிதர் விழுந்தார். எழுந்தவர் இரத்தம் கசிந்த தம் முழங்காலைப் பார்க்கவில்லை, வெங்காயத்தைத்தான் பார்த்தார். மழையிலே குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பொறுக்கினேன். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவருடைய வைத்தியத்துக்கும் வெங்காயத்துக்குமாக நான் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு டயர் வாங்கியிருக்கலாம்.

மறுநாள் பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த கராச் பாஸ் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். நெளிந்த மட்காட்டைத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "மாத்தையா, பின்சில்லு தள்ளும், சரி. திருப்புவது எது? நிற்பாட்டுவது எது?"

பாஸின் கேள்வியில் இருந்த பௌதிகத்தைப் பின்னர் நூல்களிற் படித்தறிந்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பஸ்ஸில் நின்று செல்லும் நாம் முன்னோக்கிச் சரிவதில்லையா, அதுபோல. அப்போது முன்டயர்கள் வீதியை அழுத்திப் பிடிக்க, பின்டயர்கள் ஏறத்தாழ விடுப்பில் நிற்கின்றன. நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு எந்தக் காரிலும் முன்சில்லுகளுடையதே. திருப்பும் வேலை முழுவதும் அவற்றினுடையதே. உந்துவது பின்சில்லாயினும் முன்சில்லாயினும் இதில் மாற்றமில்லை. ஆகவே பின்னே மட்டும் பனிக்கால டயர் மாட்டிய வண்டி நன்றாகப் புறப்படும், நன்றாக வேகமெடுக்கும்; நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. புறப்படவே முடியாத வண்டி அதைவிட மேலானது. அது வீட்டு வாசலிலேயே நின்றுவிடும், யாருக்கும் கேடில்லை.

மாறாக முன்னே மட்டும் நல்ல டயர் மாட்டினாலோ, வளைவில் முன்புறம் பிடித்துக்கொள்ள, பின்புறம் வழுக்கி வண்டி பம்பரம்போற் சுற்றிவிடும். அதைச் சாதாரண ஓட்டுநர் அடக்குவது கடினம். நம் நாட்டு மழை வீதிகளுக்கு, ஒரே வகையான நான்கு டயர்களில் இரண்டை மட்டும் புதிதாக மாற்ற நேர்ந்தால் புதியவற்றைப் பின்னே மாட்டுக என்று டயர் வல்லுநர் கூறுவது இதனாலேயே. ஆனால் அந்த விதி, முன்னே உள்ளவையும் போதிய பள்ளம் உள்ளவையாக இருக்கும்போதுதான் பொருந்தும். நான் பின்னே புதியதையும் முன்னே மொட்டையையும் வைத்துக்கொண்டு விதியைப் பின்பற்றியவன்போல நடந்தேன்.

சரி, பனிக்கால டயர் என்பது என்ன? வழக்கமான டயரில் என்ன குறை? இதற்கு நம் அடுக்களையிலேயே உவமை இருக்கிறது. தேங்காயெண்ணெய்ப் போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டு சென்றால் விடியுமுன் வெள்ளைக் கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் அவ்விதம் உறையாது. ரப்பரும் கலவைக்கேற்ப மாறுபடும். கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்காது. கொழும்பில் 20 பாகைக்குக் கீழ் இறங்கினாலே நாம் போர்வை தேடுகிறோம். ரொறன்ரோவில் சனவரி இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை, 15 பாகை சாதாரணம். பனிக்கால டயரை அந்தக் குளிரிலும் மென்மை குன்றாத கலவையாற் செய்கிறார்கள். இயற்கை ரப்பருக்கு அதில் முக்கிய இடமுண்டு. 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளை நம் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில்தான் நட்டார்கள் என்பதையும், அதன் பின்னர் இத்தீவின் எத்தனையோ குடும்பங்கள் விடியுமுன் எழுந்து பால்வெட்டிப் பிழைத்தன என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன்.

கலவை மட்டுமன்று, டயரின் முகமும் வேறு. பள்ளங்கள் ஆழமானவை, ரப்பர்க் கட்டிகளின்மேல் கத்தியாற் கீறினாற்போன்ற நுண்கீறல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பனி அப்பள்ளங்களில் நெருங்கிப் புகுந்து இறுகும். பனியைப் பனியே நன்றாகப் பற்றும். குளிர்நாட்டுச் சிறுவர் பனியுருண்டை பிடித்து எறிவது அதனாலன்றோ முடிகிறது! வீதியிற் கிடக்கும் பனியை டயருக்குள் சிக்கிய பனி பற்றிக்கொள்ள, வண்டி நகர்கிறது. இத்தகைய டயரை முதன்முதலிற் செய்து விற்றவர்கள் பின்லாந்து நாட்டினர். 1934 இல் லொறிகளுக்கும் 1936 இல் கார்களுக்கும் செய்தார்கள்.

அம்மையார் மறுநாளும் வந்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகனுக்கென எழுதிவைத்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அதன் சாரத்தை நேயர்களுக்கும் தருகிறேன். நம்மவர் பிள்ளைகள் குளிர்நாடுகளில் இல்லாத தெரு கொழும்பில் எது?

நான்கும் வாங்கு; நான்கும் ஒரே வகையாக வாங்கு. டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பார். பனியில் இழுக்கும் திறனைச் சோதித்துத் தேறிய டயருக்கே அச்சின்னம். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் 'எம்', 'எஸ்' எழுத்துகள் மட்டும் இருந்தால் ஏமாறாதே. அவை பள்ளத்தின் வடிவத்தைச் சொல்லுமேயன்றிச் சோதனையைச் சொல்லா. 'எல்லாப் பருவத்துக்கும்' என்று விற்கப்படுபவற்றில் பல இத்தகையனவே.

அளவை நீ யூகிக்க வேண்டாம்; ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். 205/55 ஆர் 16 என்றிருந்தால், டயரின் அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 55 பங்கு. உள்ளே பொருந்தும் இரும்புச் சில்லின் விட்டம் 16 அங்குலம். உன் வண்டிக்கு இரண்டு அளவுகள் அனுமதிக்கப்பட்டிருந்தால் ஒடுங்கியதைத் தெரிவு செய். அகன்ற டயர் கோடையில் அழகு. பனியிலோ பனியின் மேல் மிதக்கும். ஒடுங்கியது பனியை அறுத்துக்கொண்டு கீழே வீதியைத் தேடும்.

பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றும் எழுதினேன். ஏனெனில், "நான்கு வாங்கு" என்று சொல்வது எளிது. சொல்பவன் காசு கொடுப்பதில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் மிக உயர்ந்த டயரை இரண்டாக வாங்குவதைவிட, அந்தச் சின்னம் பொறித்த நடுத்தர டயரை நான்காக வாங்குவது மேல். பழைய சாமான்கள் விற்கும் இடத்தில் எளிய இரும்புச் சில்லுகள் நான்கைத் தேடி அவற்றிலேயே மாட்டி வைத்தால், பருவந்தோறும் டயரைக் கழற்றி ஏற்றும் கூலி மிஞ்சும். ஒரு தொகுதி ஓடும்போது மறுதொகுதி ஓய்ந்திருப்பதால் இரண்டும் நீடித்துழைக்கும். ஒன்ராறியோவில் பனிக்கால டயர் மாட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டுமென 2016 முதல் விதியிருக்கிறது, கேட்காமல் விட்டுவிடாதே. அங்கே அதை மாட்டச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அயல் மாகாணமான கியூபெக்கிலோ டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்.

ஒருமுறை ஓடிய டயரை வாங்குவதாயின் இரண்டைப் பார். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் பனியிற் பயனில்லை. மழை வீதிக்குச் சட்டம் அனுமதிப்பது வேறு, பனி கேட்பது வேறு. அடுத்தது பிறந்த தேதி. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3522 என்றால் 2022 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். ரப்பருக்கும் மூப்புண்டு, பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதேறிய டயர் இறுகிப் போயிருக்கும். ஆணி பதித்த டயரை யாரும் மலிவாகத் தந்தாலும் ரொறன்ரோவில் வாங்காதே. ஒன்ராறியோவின் வடபகுதியில் வசிப்போருக்கே அதற்கு அனுமதி.

குளிர் கூடக் காற்று சுருங்கும். வெப்பம் 5 அல்லது 6 பாகை இறங்குந்தோறும் டயரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் குறையும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் அளந்து பார். பின்சில்லு வண்டிக்காரர் டிக்கியில் மணல் மூட்டை வைப்பது பழைய தந்திரம். பின்சில்லின் நேர் மேலே, அசையாமற் கட்டி வைத்தால் உதவும். புதைந்தாற் சில்லின் அடியில் தூவவும் மணல் இருக்கும். ஆனால் மூட்டை டயருக்கு ஈடாகாது. பாரம் கூடிய வண்டியை நிறுத்தவும் கூடிய பலம் வேண்டும். சில்லு வழுக்காமற் காக்கும் மின்னணுக் கருவி உன் வண்டியில் இருந்தாலும், டயரிடம் இருக்கும் பிடிமானத்தை அது பங்கிட்டுக் கொடுக்குமேயன்றி, இல்லாததை உண்டாக்காது.

இவ்வளவையும் கேட்டிருந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகுதான், "பணம் அனுப்ப வேண்டுமென்றுதான் அண்ணா அவன் இரண்டோடு நிற்கப் பார்க்கிறான்" என்றார். அப்போதுதான் மகளின் படிப்புச் செலவு பற்றிய செய்தி வெளிவந்தது. நான் என்ன சொல்வது? கடிதத்தை மடித்து அவர் கையிற் கொடுத்தேன்.

காற்றடைத்த டயரைப் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் என்னும் கால்நடை வைத்தியர் செய்தது, தம் சிறு மகன் மூன்று சில்லு வண்டியில் கல்வீதியிற் குலுங்காமல் ஓட வேண்டுமென்பதற்காக. அம்மையார் போனபின் இச்செய்தி எனக்கு நினைவுக்கு வந்தது. முன்னமே வந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு அவர் வீட்டில் தொலைபேசியில் பேசியது எங்கள் சுவரைத் தாண்டிக் கேட்டது. டிசம்பர் மாதத்துக்கும் சனவரி மாதத்துக்கும் ஒரு சதமும் அனுப்பக் கூடாதென்று அவர் உறுதியாகச் சொன்னார். மறுமுனையில் அவன் மறுத்திருக்க வேண்டும். "உன் தங்கச்சியே சொல்கிறாள், கேள்" என்று தொலைபேசியை மகளிடம் கொடுத்தார். மகள் வேலை செய்துகொண்டே படிக்கும் பகுதிநேர வகுப்புக்கு மாறிக்கொள்வதாகச் சொன்னாள். அது அவளுக்கு எளிதாயிருக்கவில்லை என்பதை அவள் குரலே சொல்லிற்று.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கனடாவிலிருந்து நிழற்படம் வந்தது. அம்மையார் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வெண்பனி மூடிய முற்றத்தில் பழைய கார். பக்கத்தில் தடித்த மேற்சட்டையணிந்து பிள்ளை நிற்கிறான். வண்டியின் இரு பக்கத்தையும் காட்டி இரண்டு படங்கள். என் பூதக்கண்ணாடியை வாங்கி, திரையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு டயராக மலைச் சின்னத்தைத் தேடினார். மூன்றிற் கண்டுபிடித்துவிட்டார். நான்காவது சில்லின் மேல் பனி அப்பியிருந்தது.

"அந்தப் பனியைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.